இரும்பு தின்ற மரம்

என் அறைச் சுவரில், காலண்டருக்கும் ஜன்னலுக்கும் நடுவே, மூன்றடி நீளத்தில் ஓர் இரும்புப் பட்டை தொங்குகிறது. வருகிறவர்கள் ஏதோ பழைய வாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாள் இல்லை. மரம் அறுக்கும் பெட்ரோல் மிஷினின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்குமே, சங்கிலி சுற்றி ஓடுவதற்கான தகடு, அதுதான். கடைக்காரர்கள் ‘பார்’ என்பார்கள். அதன் அடிப்பக்கத்தில் போல்ட் நுழைகிற ஒரு நீளக் காடியும் ஐந்து துளைகளும் இருக்கின்றன. துளைகளில் மூன்று, அதைச் செய்த கம்பெனி போட்டவை. இரண்டு, என் தங்கையின் கணவர் போட்டவை. அவர் போட்டவை சற்றுக் கோணலாக இருக்கும். சிங்கப்பூரிலிருந்து தங்கை மகன் போன் செய்யும்போதெல்லாம், “அத எடைக்குப் போட்டுருங்க மாமா, தலையில கிலையில விழுந்துறப் போகுது” என்கிறான். அந்தப் பயம் எனக்கும் உண்டு. முதலில் இரண்டு ஆணியில் மாட்டினேன். மனம் கேட்காமல் பிறகு நான்காக்கினேன். ஒவ்வோர் ஆணியை அடிக்கும்போதும் சுத்தியலை ஓங்கிய கை ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் இறங்கியது.

அவர் எனக்கு இளையவர். நான் மாப்ள என்று கூப்பிடுவேன். அவர் மச்சான் என்பார். வளைகுடாவில் பல வருடம் ஜெனரேட்டர்களோடு கிடந்துவிட்டு, கந்தர்வக்கோட்டைப் பக்கம் இருந்த தன் முந்திரித் தோப்புக்குத் திரும்பி வந்தவர். எதையும் பிரித்துப் பார்க்காமல் இருக்க மாட்டார். பிரித்ததையெல்லாம் திரும்ப மாட்டிவிடுவார் என்றும் சொல்ல முடியாது. நான் மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்தவன். எண்ணுகிற பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். பந்தியில் உட்கார்ந்தால் இலைகளை எண்ணுவேன். “மீட்டர் மச்சான், இன்னைக்கி எத்தன யூனிட்டு ஓடியிருக்கு?” என்பதுதான் அவர் என்னை வரவேற்கிற முறை.

என் தங்கை அப்போதெல்லாம் யாரையும் அப்படிக் கேட்டு வரவேற்க மாட்டாள். நம் பக்கத்தில் ஒருவர் வீட்டுப்படி ஏறினால் முதலில் வருவது கேள்விதான். எப்ப வந்தீங்க, சாப்டீங்களா, புள்ளைக சொகமா இருக்குதுகளா. அவள் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. “உக்காருங்கண்ணே. சாப்புடுங்க. தண்ணி இருக்கு” என்பாள். அன்பில் குறை கிடையாது. ஆனால் அவள் பேச்சில் கேள்வியே இருக்காது. தன் மகனைக்கூட, “பசிக்குதா?” என்று கேட்காமல், “பசிக்கும், சாப்புடு” என்று சொல்லித்தான் வளர்த்தாள். மற்றவர்களுக்கு இது தெரிந்ததா என்று தெரியவில்லை. எண்ணிப் பழகிய எனக்குத் தெரிந்தது. முப்பத்தாறு வருடமாக அந்தக் கணக்கில் ஒரு பூஜ்யம் மட்டுமே நின்றது.

அதற்கு முன் அவள் கேட்டுக்கொண்டே இருந்த காலம் ஒன்று உண்டு. கல்யாணமான மறு வருடம் பிறந்த முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. அப்படிப் பிறந்தால் ஆணா பெண்ணா என்று தாயிடம் சொல்லக் கூடாது, சொன்னால் ஏக்கம் பிடித்துக்கொள்ளும் என்பது அந்த வீட்டு வழக்கம். பிரசவம் பார்த்தவர் குழந்தையைத் துணியில் சுற்றி, என்ன குழந்தை என்று மாப்பிள்ளை காதில் மட்டும் சொல்லி, அவர் கையில் கொடுத்தார். அவர் கண்மாய்க் கரையில் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். மயக்கம் தெளிந்த அவள், ஆம்பளப் புள்ளயா பொம்பளப் புள்ளயா என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை. மறுபடி கேட்டாள். மாமியாரைக் கேட்டாள், குளிக்கப் போன இடத்தில் கேட்டாள், பஸ்ஸுக்கு நின்ற முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டாள். மாதக்கணக்கில் இப்படிப் போகவே, குழந்தையின் ஆவி பிடித்திருக்கிறது என்று முடிவு செய்து, பேயோட்டும் கோடாங்கியை அழைத்தார்கள். தோப்பின் மூலையில் நின்ற பெரிய புளியமரத்தில் அவளைச் சாய்த்து நிறுத்தி, உச்சி முடியில் ஒரு கொத்தைப் பிரித்து, ஆணியில் சுற்றி மரத்தில் அறைந்தார்கள். ஆணியை ஒட்டி முடியை அறுத்து அவளை விடுவித்தார்கள். சுத்தியலை எடுத்துக் கொடுத்தது மாப்பிள்ளை. நான் அப்போது ராமநாதபுரம் பக்கம் வேலையில் இருந்தேன். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது, “சரியாப் போச்சு, இப்பெல்லாம் எதுவும் கேக்குறதில்ல” என்றார்கள்.

முப்பத்தாறு வருடம் கழித்து அந்தப் புயல் வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. புயல் என்றால் அதுதான். விடிந்தபோது தென்னையும் பலாவும் முந்திரியும் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. எங்கள் புளியமரம் வேரோடு பெயர்ந்து தெற்கே விழுந்திருந்தது. மரம் அறுக்கும் மில்லிலிருந்து ஆள் வந்து பார்த்தார். அடிமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பட்டையில் அங்கங்கே தெரிந்த துருப்பிடித்த ஆணித் தலைகளைத் தடவிப் பார்த்தார்.

“இது இரும்பு தின்ன மரம்ங்க. ரம்பம் போயிரும். வெறகுக்குத் தள்ளி விட்டுருங்க.”

மாப்பிள்ளை விறகுக்குத் தள்ளவில்லை. “கட்டிலுக்குப் பலகை எடுக்கப் போறேன்” என்று எல்லோரிடமும் சொன்னார். என்னிடம் மட்டும், மில் ஆள் போனபின், மரத்தைப் பார்த்துக்கொண்டே வேறொன்று சொன்னார். “மச்சான், அன்னைக்கி சுத்தியல நான்தான் எடுத்துக் குடுத்தேன். பேயைத்தான் அடிக்கிறாய்ங்கன்னு நெனச்சேன். இவளையே அதுல அடிச்சுட்டு, வேற யாரையோ வீட்டுக்குக் கூட்டியாந்துட்டேன். அந்த ஆணிய எடுக்கணும்.” சிரிப்புக்காரர் முகத்தில் சிரிப்பு இல்லை. கோடரி கொண்டு வெட்டி எடுத்துவிடலாமே என்றேன். “வெட்டக் கூடாது. ஏடு ஏடாப் பிரிச்சுத்தான் எடுக்கணும். உள்ள முடி இருக்குல்ல” என்றார்.

புயலுக்குப் பிறகு ஊரில் பத்து வீட்டுக்கு ஒரு பெட்ரோல் மிஷின் வந்திருந்தது. அவரிடமும் ஒன்று இருந்தது. ஆனால் அதன் பட்டை ஒன்றரை அடிதான். அடிமரத்தின் குறுக்களவோ இரண்டரை அடிக்கு மேல். தஞ்சாவூர் ரோட்டுப் பழைய இரும்புக் கடையில் இந்த மூன்றடிப் பட்டையைக் கண்டுபிடித்துத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அது ஏதோ பெரிய வெளிநாட்டு மிஷினுக்குச் செய்தது. எங்கள் மிஷினோடு எதிலும் ஒத்துப்போகவில்லை. மிஷினில் பட்டையைப் பிடிக்கிற போல்ட்டுகளின் கனம் எட்டு மில்லி. பட்டையின் காடியோ பன்னிரண்டு. மாட்டினால் தளர்ந்த பல் போல ஆடியது. சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் முளை நுழைய வேண்டிய இடத்தில் துளை இல்லை. மிஷின் எண்ணெயைத் துப்புகிற வாய் ஓரிடத்தில், பட்டையில் எண்ணெய் வாங்குகிற துளை வேறிடத்தில். நான் அளந்து அளந்து சொன்னேன், இது ஆகாது, சங்கிலி கழன்று வந்தால் கழுத்தைக் கொண்டுபோய்விடும் என்று. “நீங்க கழுத்த எண்ணிக்கிட்டே இருங்க மச்சான். ஒன்னு கொறஞ்சா சொல்லுங்க” என்றார்.

இலுப்பூரில் அவருக்குத் தெரிந்த லேத் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே காடிக்கும் போல்ட்டுக்கும் நடுவே உட்காரும்படி இரண்டு பித்தளை வளையங்கள் கடைந்து வாங்கினார். ஆட்டம் நின்றது. முளைக்காக இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகப் புதிதாக இரண்டு துளைகள் போட்டார். ஒரு பக்கம் தேய்ந்தால் பட்டையைத் திருப்பி மாட்ட வேண்டும், அதற்காக இரண்டு. அந்த எஃகில் டிரில் முனைகள் மூன்று உடைந்தன. சங்கிலி போதவில்லை என்று இரண்டு சங்கிலிகளை வெட்டி ஒன்றாக இணைத்தார். கண்ணிகளை எண்ணிச் சொன்னது நான். ஒரு முறை தவறாக எண்ணி அதற்கும் பேச்சு வாங்கினேன். குறுக்கே அறுக்கிற பற்கள் நெடுக அறுக்க உதவாது என்று ஒவ்வொரு பல்லையும் அரத்தால் தேய்த்து, சாய்வை மாற்றினார். அவர் தேய்த்துக்கொண்டிருந்த நாட்களில் என் தங்கை அந்தப் பக்கம் வந்து, சற்று நின்று, “டீ வச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போவாள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அவர் அரத்தை நிறுத்திவிட்டு அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் வெள்ளோட்டம் ஒரு வேப்பங்கட்டையில். மிஷின் உறுமியது, சங்கிலி ஓடியது, ஒரு சாண் உள்ளே போவதற்குள் புகை எழுந்தது. நிறுத்திப் பார்த்தால் பட்டையின் நுனி நீலம் பாரித்துவிட்டது. அந்த நீலம் இன்னும் அதில் இருக்கிறது. பித்தளை வளையத்தின் விளிம்பு எண்ணெய் வாயை மூடிவிட்டிருந்தது. “பட்டினி போட்டு ஓட்டிப்புட்டோம் பாவத்த” என்று பட்டையைத் தடவினார். பிறகு எண்ணெய் வாயிலிருந்து துளை வரைக்கும் ஒரு சின்ன வாய்க்கால் போல அரத்தால் தேய்த்து வழி செய்தார். மறுமுறை ஓட்டியபோது எதிரே பிடித்த அட்டையில் எண்ணெய் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது. அவர் அந்த அட்டையைப் பரீட்சையில் பாஸான பையன் மார்க் ஷீட்டைக் காட்டுவது போல எனக்குக் காட்டினார்.

மரத்தில் கை வைக்கப்போகிற செய்தி பரவியதும் பக்கத்துத் தோப்புக்காரர் வந்தார். எங்கள் வயதுக்காரர், கோபமில்லாமல் பேசக்கூடியவர். அன்று கோபமாகத்தான் வந்தார்.

“ஒங்க ஆணி மட்டுமா அதுல இருக்கு? ஊருச் சனம் அத்தன பேரு கட்டி வச்சது கெடக்கு. எங்க ஆத்தாளுக்கு அடிச்சதும் அதுலதான். எல்லாத்தையும் அவுத்து விட்டுட்டு நீங்க கட்டில்ல படுத்துக்குவீங்க. நாங்க எங்கிட்டுப் போறது?”

மாப்பிள்ளை வாதாடவில்லை. “வந்து பக்கத்துலயே நில்லுண்ணே. எதாச்சும் வெளிய வந்தா மொதல்ல என்னயத்தான் புடிக்கும்” என்றார். தோப்புக்காரர் போகவில்லை. வேலை நடந்த அத்தனை நேரமும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார்.

எங்கே அறுப்பது என்பதில்தான் நாங்கள் ஏமாந்தோம். ஆணி அடித்தபோது அது அவள் தலை உயரத்தில் இருந்தது. முப்பத்தாறு வருடத்தில் மரம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ஆணியும் அதோடு மேலே ஏறியிருக்கும் என்று இரண்டு பேருமே நம்பினோம். எத்தனை அடி ஏறியிருக்கும் என்று நான் கணக்குக்கூடப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கணக்குப்படி கிளை பிரியும் இடத்துக்குக் கீழே தொடங்கினோம். நேராக அறுப்பதற்கு மரத்தின் மேல் ஓர் ஏணியைக் கட்டி அதன் மேல் மிஷினை நகர்த்தினார். அறுத்த பிளவு மூடிக்கொள்ளாமல் பின்னாலேயே ஆப்பு வைத்துத் தட்டிக்கொண்டு போவது என் வேலை. இரண்டு பலகை வந்தது. சிவப்பும் கறுப்புமாக அழகான பலகை. ஆணி இல்லை. பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் தொங்கவிட்டுப் பார்த்தார். மேலாக இருந்த சில ஆணிகளுக்கு அது திரும்பியது. ஆழத்தில் இருந்தவற்றுக்கு அசையவில்லை. வளையங்களை எண்ணி வருடம் கண்டுபிடிக்கலாம் என்று குனிந்தேன். புளியில் வளையம் சரியாகத் தெரிவதில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எண்ணினேன். ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தது.

அப்போதுதான் என் தங்கை டீத் தூக்குடன் வந்தாள். இரண்டு பலகைகளையும் பார்த்தாள். தூக்கைக் கீழே வைத்தாள். “அங்கிட்டு இல்ல” என்றாள். பிறகு மரத்தின் வேர்ப்பக்கம் நடந்தாள். மண்ணுக்குள் இருந்த பாகத்துக்கும் வெளியே இருந்த பாகத்துக்கும் நடுவே பட்டையில் ஒரு மண்கறைக் கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்கு நேராகக் குதிகால்களை வைத்துக்கொண்டு, மரத்துக்கு முதுகு காட்டி, சருகின் மேல் ஒருக்களித்துப் படுத்தாள். நின்ற மரத்தில் சாய்ந்து நின்றவள், கிடந்த மரத்தில் சாய்ந்து கிடந்தாள். நரைத்த கொண்டை பட்டையில் உரசியது. கையை மட்டும் தூக்கித் தலைக்கு மேல் மரத்தைத் தொட்டாள்.

“அப்ப ரெண்டு வெரல் ஒசரமா இருந்தேன். இங்கன. கெழக்கப் பாத்து நிக்க வச்சாங்க. ஆணி எங்கயும் போகல.”

நண்பகல் வெயில். தோப்பில் ஒரு காக்கைகூட இல்லை. பக்கத்துத் தோப்புக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார். மாப்பிள்ளை அவளை எழுப்பவில்லை. அவள் கை இருந்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு, அவளாக எழுந்திருக்கும்வரை மண்டியிட்டுக் காத்திருந்தார். நான் கண்ட எந்தப் பேயாட்டத்திலும் எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை. அன்று சிலிர்த்தது.

அடிமரத்தில் ஏணியை மாற்றிக் கட்டி மறுபடி தொடங்கினோம். முதல் பலகை வெளிவந்தது. இரண்டாவதில் சங்கிலி ஓர் ஆணியில் பட்டுப் பொறி பறந்தது. எட்டுப் பற்கள் மழுங்கின. அவர் உட்கார்ந்து மறுபடி அரம் பிடித்தார். மூன்றாவது பலகையைப் புரட்டியபோது, கோட்டுக்கு நேராக, மை கொட்டியது போலக் கருநீலக் கறை படர்ந்திருந்தது. புளிமரச் சாறும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும். மிஷினை நிறுத்தினார். அத்தனை இரைச்சலுக்குப் பிறகு வந்த அமைதியில் காது ரீங்கரித்தது. உளியை எடுத்து, கறையைச் சுற்றிச் சின்னச் சின்னதாகச் செதுக்கினார். தன் பட்டையையே மரம் உள்ளே இழுத்துக்கொண்டு மூடியிருந்த ஒரு சிறு பொந்து திறந்தது. நாலங்குல ஆணி. அதன் கழுத்தில் சுற்றியபடி ஒரு கொத்து முடி. கறுப்பு முடி. எண்ணெய் வைத்துச் சீவிய இருபது வயதுப் பெண்ணின் முடி எப்படி இருக்குமோ, அந்தக் கறுப்பு.

மாப்பிள்ளை அதை இரண்டு கையிலும் ஏந்தி அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி, முடியை மட்டும் உருவிப் பார்த்தாள். தன் நரைத்த கொண்டையை ஒரு முறை தொட்டுக்கொண்டாள். பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

“ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயா?”

அவர் மரத்தூளில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“பொம்பளப் புள்ள.”

“ஒங்க ஜாடையா, என் ஜாடையா?”

“பாக்கல தாயி. துணியில சுத்திக் குடுத்தாங்க. மொகத்த வெலக்கிப் பாக்கப் பயமா இருந்துச்சு. பாக்காமத்தான் வச்சேன்.”

அவள் அந்த முடியை விரலில் சுற்றிக்கொண்டாள். “சரி. அப்ப என் ஜாடைன்னு வச்சுக்கிறேன்” என்றாள். டீத் தூக்கைத் திறந்து, ஆறிப்போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பக்கத்துத் தோப்புக்காரரைப் பார்த்தாள். “அண்ணே, நீங்க டீ குடிப்பீங்களா?”

அவர் கைநீட்டி வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது மாப்பிள்ளையிடம் தணிந்த குரலில், “எங்க ஆத்தா ஆணி எதுன்னு தெரியுமா?” என்றார். தெரியவில்லை. அந்த மரத்தில் நான் எண்ணியவரையில் முப்பத்தொரு ஆணிகள் இருந்தன. இன்ன ஆணி இன்னாருடையது என்று சொல்ல முடிந்தது ஒன்றைத்தான். அவர் கையில் ஏதோ ஒன்றைக் கொடுத்தோம். துண்டில் முடிந்துகொண்டு போனார்.

சொன்னபடியே கட்டில் செய்தார் மாப்பிள்ளை. கருநீலக் கறை படர்ந்த பலகையைத் தலைமாட்டில் வைத்தார். அதன் பிறகு அவர் போனில் என்னிடம் சொன்னதெல்லாம் ஒரே புகார்தான். “மச்சான், ஒங்க தங்கச்சி கேள்வி கேட்டே என்னயக் கொல்றா. மழ வருமாங்குறா, கண்மாயில எந்த எடத்துல வச்சீங்கங்குறா, அன்னைக்கிக் காத்தடிச்சுச்சாங்குறா. ஒன்னுக்குப் பதில் சொன்னா ஒன்பது கேக்குறா.” சொல்லும்போது குரலில் வெற்றிலை போட்ட மாதிரி ஒரு நிறைவு இருக்கும். போன தையில், அந்தக் கட்டிலில், தூக்கத்திலேயே போய்விட்டார். மிஷினை யாரோ வாங்கிக்கொண்டார்கள். மிஷினுக்குச் சொந்தமில்லாத இந்தப் பட்டையை மட்டும் தங்கை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

அடிமரத்தில் அறுக்காமல் விட்ட பாகம் தோப்பில் இன்னும் கிடக்கிறது. ஒரு பக்கம் கரையான் ஏறிவிட்டது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் உச்சி வெயிலில் அதைத் தனியாகக் கடந்து போவதில்லை. உள்ளே இன்னும் எத்தனை ஆணி என்று எண்ணத் தொடங்கிவிடுவேன். ஒவ்வோர் ஆணிக்கும் ஒருத்தி, அவள் கேட்டு யாரும் பதில் சொல்லாத ஏதோ ஒன்று. அந்தக் கணக்கு முடிகிற கணக்காக இல்லை. சில மத்தியானங்களில் என் அறையில் படுத்திருக்கும்போது, காற்றில் இந்தப் பட்டை சுவரில் லேசாகத் தட்டும். அது ஆப்புத் தட்டுகிற சத்தம் போலவே இருக்கும். எழுந்து போய் நான்கு ஆணிகளையும் அழுத்திப் பார்த்துவிட்டு வந்து படுப்பேன்.

தங்கை மாதம் ஒரு முறை பஸ் ஏறி வருகிறாள். போன வாரமும் வந்தாள். சாப்டீங்களாண்ணே என்றாள், மாத்திரை போட்டீங்களா என்றாள், இந்த ஆணி தாங்குமா என்றாள். பட்டையின் கீழ் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அதன் கோணல் துளை ஒன்றில் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தபடி கேட்டாள்.

“அண்ணே, அதுக்கு இப்ப எத்தன வயசுண்ணே?”

கணக்கு எப்போதும் தயாராகவே இருக்கிறது. “நாப்பத்திமூணு” என்றேன்.

அவள் விரலை எடுக்கவில்லை. “என் ஜாடைல்ல. எனக்கு நாப்பதுலயே நரச்சிருச்சு. அதுக்கும் முன்பக்கம் நர விழுந்திருக்குமாண்ணே?”